இறுதிப் பணியாளர்களைக் கண்ணியப்படுத்துவோம்

 



நம் ஜமாஅத்துகளில் பாராட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. நல்ல மதிப்பெண் பெற்ற மாணவருக்குப் பரிசு வழங்குகிறோம். பள்ளிவாசலுக்கு நிலம் கொடுத்த செல்வருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். இவை நல்ல காரியங்களே. ஆனால், நள்ளிரவில் அழைத்தாலும் எழுந்து வந்து நம் தாயின் மய்யித்தைக் குளிப்பாட்டும் மூதாட்டிக்கும், கொட்டும் மழையில் நின்று கப்ர் வெட்டும் தொழிலாளிக்கும் அந்த மேடையில் என்றேனும் இடமளித்திருக்கிறோமா? மய்யித் வீட்டில் அவர்களைத் தேடுகிறோம். மண வீட்டில் மறந்துவிடுகிறோம். அவர்களது தொழிலைக் காரணம் காட்டி, அவர்கள் வீட்டில் பெண் எடுக்கவும் தயங்குகிறோம்!

மய்யித்தைக் குளிப்பாட்டுதல், கஃபனிடுதல், ஜனாஸாத் தொழுகை, நல்லடக்கம் ஆகிய நான்கும் ஃபர்ளு கிஃபாயாவாகும். சிலர் நிறைவேற்றினால் அனைவரின் கடமையும் நீங்கும். எவருமே செய்யாவிட்டால் ஊரார் அனைவரும் பாவிகளாவர். அப்படியானால், இப்பணியைச் செய்பவர் நமக்கு ஏவலாள் அல்லர். நம் கழுத்திலிருந்த கடனை இறக்கி வைத்தவர்.

பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளியைக் கூட்டிப் பெருக்கி வந்த ஒரு கறுப்பினப் பெண்மணி மரணமடைந்தபோது, இதற்காக அண்ணலாரைச் சிரமப்படுத்துவானேன் என்றெண்ணிய தோழர்கள், தெரிவிக்காமலேயே அடக்கம் செய்துவிட்டனர். செய்தியறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் அதனை ஏற்கவில்லை. கப்ர் எங்கே என்று விசாரித்துச் சென்று, அங்கேயே தொழுகை நடத்தினார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. மக்கள் சிறிதாகக் கண்ட பணியாளரை அல்லாஹ்வின் தூதர் எவ்வளவு உயர்த்திக் கண்டார்கள் பாருங்கள்!

சகோதரர்களே! இப்பணியை ஏனோதானோவென்று முடித்துவிடவும் மார்க்கம் அனுமதிக்கவில்லை. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹதுப் போர்க்களத்தில் ஏறத்தாழ 70 தோழர்கள் ஷஹீதானார்கள். உயிரோடிருந்தவர்களோ காயங்களாலும் களைப்பாலும் துவண்டிருந்தனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குழி தோண்டுவது கடினம் என முறையிட்டனர். ஒரே கப்ரில் இருவர், மூவரை அடக்கிக் கொள்ளப் பெருமானார் (ஸல்) அவர்கள் சலுகை வழங்கினார்கள். ஆனால், குழியை விசாலமாகவும் செம்மையாகவும் தோண்ட வேண்டும் என்பதை மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை. எண்ணிக்கையில் சலுகை உண்டு. செம்மையில் சலுகை இல்லை. இதுவே இஹ்ஸான்!

இனி, அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களின் வாழ்வைச் சற்றுக் கவனியுங்கள். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு முஃதா போரில் அவர்களின் கணவர் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, அத்துயர வீட்டிற்கு உணவு சமைத்து அனுப்புமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இவ்வாறு ஆறுதல் பெற்ற அப்பெண்மணியே பின்னர் பிறருக்கு ஆறுதலானார்கள். ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு, மரணத் தறுவாயிலிருந்த ஃபாத்திமா (ரலி) அவர்கள், பெண்களின் ஜனாஸாவைத் துணியால் மட்டும் போர்த்தி எடுத்துச் செல்லும்போது உடலமைப்பு வெளிப்படுகிறதே என வருந்தினார்கள். அபிசீனியாவில் தாம் கண்ட ஒரு முறையை நினைவுகூர்ந்த அஸ்மா (ரலி) அவர்கள், பச்சைப் பேரீச்ச மட்டைகளை வளைத்துக் கட்டி, அதன்மீது துணியைப் போர்த்திக் காட்டினார்கள். ஃபாத்திமா (ரலி) அவர்களின் உள்ளம் குளிர்ந்தது. இன்று நம் பள்ளிகளிலுள்ள மூடிய சந்தூக்கின் தொடக்கம் இதுவே என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஹிஜ்ரி 13ஆம் ஆண்டு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களின் மய்யித்தைக் குளிப்பாட்டியவர்களும், அப்போது அவர்களின் மனைவியாக இருந்த இதே அஸ்மா (ரலி) அவர்களே!

இதில் நமக்கொரு தெளிவு கிடைக்கிறது. வணக்கத்தில் புதிதாக எதையும் கூட்டவோ குறைக்கவோ நமக்கு உரிமையில்லை. ஆனால், மய்யித்தின் மானம் காக்கவும் துயருற்றோரின் சுமை குறைக்கவும் உதவும் நல்ல சாதனங்களை, அவை எந்நாட்டில் தோன்றியிருப்பினும், ஏற்பதில் தடையில்லை. ஜனாஸா வாகனமும், வெளியூரிலிருந்து மகன் வந்து சேரும் அவசியத்திற்கான குளிர்பெட்டியும் இத்தகையனவே. எனினும், தேவையின்றி அடக்கத்தைத் தாமதப்படுத்துவது கூடாது.

2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா பரவியபோது, உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களைக் கவச உடையணிந்த நம் இளைஞர்கள் சுமந்து சென்றதைத் தமிழகம் கண்டது. மாற்று மதச் சகோதரர்களின் உடல்களையும் அவரவர் முறைப்படி கண்ணியமாக ஒப்படைத்தார்கள். அந்த இளைஞர்களை இன்று எத்தனை ஊர்கள் நினைவில் வைத்திருக்கின்றன?

ஆகவே ஜமாஅத் பெரியோர்களே! பாராட்டு என்பது பொன்னாடையோடு முடிந்துவிடலாகாது. கப்ர் வெட்டுபவரின் வியர்வை உலரும் முன்பே நியாயமான கூலியைக் கொடுங்கள். குளிப்பாட்டுபவருக்குக் கையுறையும் முகக்கவசமும் வாங்கி வையுங்கள். மய்யித்தில் கண்ட குறையை வெளியிடாமல் மறைக்கும் அமானிதம் பேணுபவரையே சிறந்த பணியாளராகப் போற்றுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலான பாராட்டு, அப்பணியை அவர்களிடமிருந்து கற்றுக் கொள்வதாகும். பெருமானாரின் மகளாரைக் குளிப்பாட்டிய உம்மு அதிய்யா (ரலி) அவர்களிடம், பஸராவின் அறிஞர்கள் அம்முறையைக் கற்றார்கள். நம் வீடுகளில் ஆணிலும் பெண்ணிலும் ஒருவரேனும் கற்றிருக்கிறாரா? பெற்ற தாய்க்கு மகள் செய்யும் இக்கடைசிப் பணிவிடைக்கு ஈடேது!

அடக்கத்தோடு நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. இத்தாவிலிருக்கும் விதவை, நான்கு மாதம் பத்து நாட்கள் அலுவலகப் படியேற இயலாமல் தவிப்பார். மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்தல், சான்றிதழ் வாங்குதல், உதவித்தொகைக்கு விண்ணப்பித்தல் ஆகியவற்றை ஜமாஅத் இளைஞர் இருவர் பொறுப்பேற்றுச் செய்தால், ஜஃபர் (ரலி) வீட்டிற்குச் சென்ற உணவைப் போன்று அதுவும் ஓர் ஆறுதலாகும்.

இன்று நாம் எவரைக் கண்டு ஒதுங்குகிறோமோ, அவர்களுடைய கரங்களில்தான் நாளை நம் உடல் ஒப்படைக்கப்படும். அக்கரங்களை உயிரோடிருக்கும்போதே பற்றிக்கொண்டு ஸலாம் சொல்வோம்.

யா அல்லாஹ்! எங்கள் மரணித்தோருக்குப் பணிவிடை செய்வோரின் பாவங்களை மன்னிப்பாயாக! எங்கள் இறுதி முடிவையும் ஈமானோடு அழகாக்கி வைப்பாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.