மீளப் பயன்படும் ஊக்கிகள்



இரு குடும்பங்களை இணைத்துவைக்கும் கலியாணத் தரகர், மணம் முடிந்ததும் அடுத்த வீட்டுப் படலையைத் திறக்கின்றார். இரசாயனத் தாக்கங்களிலும் இத்தகைய தரகர்கள் உளர். தாம் செலவழியாது பிற பொருள்களின் தாக்கத்தை விரைவாக்கும் அவற்றை ஊக்கிகள் என்பர். இந்நிகழ்ச்சிக்கு 1835 ஆம் ஆண்டிற் பெயரிட்டவர் சுவீடிய அறிஞராகிய பேர்சீலியஸ்.

ஜேர்மனியின் ஓப்பாவில் 1913 இல் அமோனியாத் தொழிற்சாலையொன்று தொடங்கிற்று. மாக்னற்றைற்று என்னும் இரும்பு ஒட்சைட்டிலிருந்து ஆக்கப்பட்ட இரும்பே அங்கு ஊக்கி. அது கலத்தினுள் நிலைத்திருக்க, நைதரசனும் ஐதரசனும் அதனூடே பாய்ந்து சென்றன. ஆகவே ஊக்கியைப் பிரித்தெடுக்கும் கவலை எழவில்லை.

மருந்தும் சாயமும் ஆக்கும் தொழில்களிலோ தாக்கங்கள் பெரும்பாலும் திரவத்தில் நிகழ்கின்றன. அங்கு ஊக்கியைத் தூளாகக் கலக்கின், தூள் நுண்ணியதாகுந்தோறும் பயன் மிகும். தாக்கம் நிகழ்வது அதன் மேற்பரப்பிலன்றோ? ஒரு சதமமீற்றர்ப் பக்கமுள்ள கனசதுரக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சதமமீற்றர். அதனை 10 நனோமீற்றர்ப் பக்கமுள்ள கட்டிகளாகப் பிளந்தால், மொத்த மேற்பரப்பு 600 சதுர மீற்றராகும். நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

ஆயினும் அந்நுண்மையே இடராகவும் அமைந்தது. இத்துணிக்கைகள் வடிதாளினூடே நழுவிவிடும். தாக்கத்திற் செலவழியாத பொருள், கழிவுநீரோடு வீணே செல்லும்.

இவ்விடரைப் பெரிதும் தீர்ப்பதும் மாக்னற்றைற்றே. அதன் நனோத் துணிக்கைகள்மீது வேண்டிய ஊக்கியைப் படியச் செய்வர். சில தாக்கங்களில் அத்துணிக்கைகளே ஊக்கியாகும். தாக்கம் முடிந்தபின் கலத்தின் பக்கத்தில் ஒரு காந்தத்தை வைத்தால், துணிக்கைகள் அப்பக்கம் ஒதுங்கும். தெளிந்த திரவத்தை வேறாக ஊற்றலாம். காந்தத்தை அகற்றியதும், 10 நனோமீற்றர் அளவான துணிக்கைகள் காந்தத்தன்மையை இழக்கும். அவற்றைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம்.

1998 இல் அமெரிக்க அறிஞர்களான அனஸ்தாஸ், வோனர் என்போர் பசுமை இரசாயனத்துக்கு 12 நெறிகளை வகுத்தனர். கழிவை உண்டாக்கியபின் அகற்றுவதினும் உண்டாக்காமையே நன்று என்பது முதல் நெறி. ஊக்கிகளைக் கையாளுதலும் அந்நெறிகளுள் ஒன்று.

எனினும், மீளப் பயன்படும் என்று கூறிவிட்டாற் போதுமா? பயன்படுத்துந்தோறும் துணிக்கைகள் திரளக்கூடும், மேற்பரப்புக் குறையும். உலோகம் சிறிது சிறிதாகக் கரையவுங் கூடும். அது நிக்கலாயின் நீர்வாழ் உயிர்களுக்கும் மருந்துண்போருக்கும் கேடு. ஐந்தாம் முறையும் விளைச்சல் குறையவில்லை என்று காட்டுவது பாதிச் சோதனையே. ஊக்கியை இடையில் நீக்கிய பின்னரும் தெளிந்த திரவத்தில் தாக்கம் தொடருமாயின், கரைந்த உலோகமே அங்கு வேலை செய்கின்றது என ஐயுறல் வேண்டும்.

தரகர் மணவீட்டைவிட்டு முற்றாக வெளியேறினாரா என்று பார்த்தல் மறுபாதிச் சோதனை. அதிலும் தேறிய ஊக்கிக்கே பசுமை என்னும் பெயர் பொருந்தும்.