ஜெர்மனியில் சிக்கனமாய்ச் சென்று வருதல்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பிள்ளையையோ பெண்ணையோ ஜெர்மனிக்குப் படிக்க அனுப்பிய பெற்றோர் பலர் இவ்வவையில் அமர்ந்திருக்கிறீர்கள். 2024 ஜனவரியில் நம் ஷம்ஷாபாத்திலிருந்தே பிராங்க்பர்ட்டுக்கு லுப்தான்ஸா விமானம் புறப்படத் தொடங்கியபின், ஒரு முறை போய்ப் பார்த்து வந்தால் என்ன என்னும் எண்ணம் பல இல்லங்களில் எழுந்திருக்கிறது. போய் வாருங்கள். ஆனால் ஒரு கணக்கை முதலில் நினைவில் வையுங்கள். 2024 செப்டம்பரில் வகுத்த விதிப்படி, மாணவர் ஒருவர் ஓராண்டுச் செலவுக்காக 11,904 யூரோவை முன்னதாகவே வங்கியில் கட்டிவிட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோவே கைக்கு வரும். வாடகை, உணவு, இன்ஷூரன்ஸ் யாவும் அதற்குள் அடங்க வேண்டும். தாய் தந்தையர் மூன்று வாரம் தங்கினால் பிள்ளை வாய் திறவாமல் தன் பையிலிருந்து செலவிடுவான்; நாம் திரும்பிய பின் அரைவயிறு உண்பான். ஆதலின் சிக்கனம் என்பது இங்கே நம் பணத்தைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று.

பெட்டி கட்டும்போதே தொடங்குவோம். பிள்ளைக்கென்று நெய்யும் பால்கோவாவும் எடுத்துச் செல்ல மனம் துடிக்கும். பாற்பொருள்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டு செல்லலாகாது. சுங்கத்தார் கண்டால் பறிமுதல் செய்வர். 2019 டிசம்பர் முதல் பச்சைக் காய்கனிகளுக்கும் இலைகளுக்கும் சான்றிதழ் வேண்டும். எனவே கறிவேப்பிலையும் கூடாது. தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அவ்விதியில் விலக்கு உண்டு! சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, புளி, ஊறுகாய் இவை போதும். அரிசி பருப்பைச் சுமக்க வேண்டா. 1983க்குப் பின் அகதிகளாய்ச் சென்ற ஈழத் தமிழர் பல நகரங்களில் நடத்தும் கடைகளில் அவை கிடைக்கும்.

மற்றப் பொருள்களுக்கு ஆல்டி, லிடில் என்னும் மலிவுக் கடைகளே ஏற்றவை. மோண்டா மார்க்கெட்டில் பழகிய நம் தாய்மார்கள் அங்கே பேரம் பேச இயலாது. ஒட்டிய விலை ஒட்டிய விலையே. துணிப்பை கையோடு இருக்கட்டும். பைக்கும் விலை உண்டு. ஒவ்வொரு பொருளின் விலையையும் ரூபாயாக்கிப் பெருமூச்சு விடுவதை மட்டும் தவிருங்கள். யூரோ ஒன்று நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் காலத்தில் அவ்வாறு கணக்கிட்டால் ஒரு குவளைக் காப்பியும் தொண்டையில் இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். 1956இல் நாடு முழுமைக்கும் கடையடைப்புச் சட்டம் வந்தது. 2006க்குப் பின் மாநிலங்கள் தத்தமக்கெனச் சட்டம் செய்துகொண்டபோதும் ஞாயிறு ஓய்வு போகவில்லை. சனிக்கிழமை மாலைக்குள் பாலும் ரொட்டியும் வாங்கிவிடுக. மறந்தால் பெரிய இரயில் நிலையக் கடைகளே கதி, விலையும் அதிகம். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தக்கது. புட்டியில் வாங்கினால் ஒருமுறைப் புட்டிக்கு 25 சென்ட் வைப்புத் தொகை சேரும். நசுக்காமல் கடையிலுள்ள இயந்திரத்திற் போட்டால் சீட்டு வரும், கணக்கிற் கழித்துக்கொள்ளலாம்.

இனிப் பயணம். ஐ.சி.இ. என்னும் அதிவேக வண்டிக்குப் புறப்படும் அன்று டிக்கட் வாங்குவது பணத்தை வாரி இறைப்பது. வாரக் கணக்கில் முந்தினால் விலை பெரிதும் குறையும். நிதானமாய்ச் செல்வோருக்கு நாடு தழுவிய மாதச் சீட்டு ஒன்று உண்டு. 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கிய அது, 2025இல் 58 ஆகி, 2026 ஜனவரியில் 63 ஆயிற்று. உள்ளூர் இரயில், டிராம், பஸ் அனைத்திலும் செல்லும். அதிவேக வண்டியிற் செல்லாது. அது மாதந்தோறும் தானே தொடரும் சந்தா. பத்தாந் தேதிக்குள் நிறுத்தாவிடில் அடுத்த மாதப் பணமும் போய்விடும். இரண்டொரு நாள் மட்டும் குடும்பமாகச் சுற்றுவோர் மாநில டிக்கட் வாங்கலாம். பவேரியச் சீட்டில் ஐவர் வரை செல்லலாம். வாரநாட்களில் காலை 9 மணிக்குமேல்தான் செல்லும்.

நிலையங்களில் டிக்கட் கேட்கும் வாயில் இல்லையென்று மயங்கவேண்டா. பல ஊர்களில் வாங்கிய சீட்டை அங்குள்ள சிறு இயந்திரத்தில் முத்திரையிட்ட பின்பே ஏறவேண்டும். சாதாரண உடையில் வரும் பரிசோதகரிடம் சிக்கினால் அபராதம் 60 யூரோ.

அம்மாதச் சீட்டிலேயே ஹாம் நகருக்கும் போய் வரலாம். அங்கே ஊன்ட்ராப் பகுதியில் ஈழத் தமிழர் எழுப்பிய காமாட்சி அம்பாள் ஆலயத்துக்கு 2002இல் குடமுழுக்கு நடந்தது. கோடையில் தேர்த் திருவிழா உண்டு. நம் கந்தகிரியில் நிற்பது போன்ற உணர்வு வரும்.

திரும்புங்கால், 50 யூரோவுக்கு மேல் ஒரே கடையில் வாங்கிய பொருள்களுக்கு விற்பனை வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். கடையிலேயே படிவம் கேளுங்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்குமுன் பொருளைச் சுங்கத்தாரிடம் காட்டி முத்திரை பெறுக. ஒப்படைத்த பின் காட்டப் பொருள் இராது. இதற்கென ஒரு மணி நேரம் முந்திச் செல்லுங்கள்.