வெட்டுவதற்கு முன்னால்

தக்கலையில் எந்தத் தையல்கடையிலும் மேசைக்கடியில் வெட்டுத்துணி குவிந்து கிடக்கும். வீட்டுப் பழைய சாரமும் சேலையும் சேர்ந்தால் ஒட்டுப்போர்வைக்குத் தாராளம்.

முதல் வேலை கத்திரிக்கோலுக்கு இல்லை. துணியைத் துவைத்துத் தேய்த்துவிடுங்கள். புதுப் பருத்தி சுருங்கும், சாயமும் இறங்கும். பாலியெஸ்டரைத் தனியே ஒதுக்குங்கள். 5 அங்குலச் சதுரம் வேண்டுமா, 5½ ஆக வெட்டுங்கள். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். எல்லாவற்றுக்கும் ஒரே அட்டைதான் அளவு. வெட்டிய துண்டை வைத்து அடுத்ததை வெட்டினால், அளவு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துவிடும். இழையோட்டத்துக்கு நேராக வெட்டுங்கள். கோணல் துண்டு இழுத்தால் நீளும். 60க்கு 90 அங்குலப் போர்வைக்கு 216 துண்டு! பாயில் பரப்பி நிறம் பார்த்து, வரிசைவரிசையாக நூலில் கோத்து, எண் சீட்டு கட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு காற்றுக்கே கதை முடிந்தது.

அளந்து வெட்டாமலும் ஒட்டுப்போர்வை தைப்பவர்கள் உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்திப் பெண்கள் 'கவாந்தி' என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். அதில் இந்த அட்டைக் கணக்கே கிடையாது. பழந்துணியை ஓரத்திலிருந்து உள்நோக்கி வைத்துத் தைத்துக்கொண்டே போவார்கள். மூலைகளில் 'பூலா' என்ற முக்கோண மடிப்பு வைப்பார்கள். அது இல்லாத கவாந்தியை முடிந்ததாக அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை.