தாதியர் தரும் குருதி

1921ஆம் ஆண்டு, இலண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் நோயாளி ஒருவருக்கு அவசரமாக இரத்தம் வேண்டியிருந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கம்பர்வெல் கிளைக்குச் செய்தி எட்டியதும், செயலாளர் பேர்சி ஒலிவரும் வேறு சிலரும் விரைந்தனர். பொருந்தியது லின்ஸ்டெட் என்னும் தாதியின் குருதி. அழைத்ததும் வரும் கொடையாளரின் பட்டியல் ஒன்றை ஒலிவர் தொகுத்தது அதன் பின்னரே.

குருதியின் அருமையை வைத்தியசாலை ஊழியரினும் அறிந்தவர் எவர்? ஆயினும், கேட்டாற் கொடுப்போம் என்றே அவருட் பலரும் இருந்துவிடுகின்றனர். கேட்கும் வேளையிலோ இரவுக் கடமையின் அயர்வு, சிலருக்குக் குருதிச்சோகை. நோயாளிக்கு ஏற்றிய ஊசி தவறிக் கையிற் குத்தியிருப்பின், சில மாதங்கள் கொடுக்கவே இயலாது. அவரைக் குறைகூறல் தகாது.

ஆனால், குருதிச் சிறுதட்டுகள் வழக்கமாக ஐந்து நாட்களே நிற்கும். செங்குழியங்களும் சில வாரங்களே. இலங்கையில் நான்கு மாதத்திற்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கலாம். உடல்நலமுள்ள நாளில், எவரும் கேளாமுன், கடமை முடிந்ததும் இரத்த வங்கிக்குச் செல்லும் தாதியின் குருதியே, நள்ளிரவிற் பிரசவ அறையிலிருந்து ஆள் ஓடிவரும்போது ஆயத்தமாக இருக்கும்.