வைத்தியசாலை வளரட்டும், அயலவரைக் கேட்டு வளரட்டும்

(குருநகரில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியைப் பற்றிப் பேசுவதற்குக் குருநகரைவிடப் பொருத்தமான இடம் வேறு எது? 1993 நவம்பர் 13ஆம் நாள் இவ்வூர்ப் புனித யாகப்பர் ஆலயத்தின்மேல் குண்டு விழுந்ததை மறந்தவர் இங்கு உண்டோ? அடிபட்ட காலமெல்லாம் நாம் நம்பி ஓடிய வாசல் அந்த வைத்தியசாலையின் வாசலே. அமைதி காக்க வந்ததாகச் சொன்ன இந்தியப் படையின் துப்பாக்கிகளுக்கு 1987 அக்டோபர் 21, 22ஆம் நாட்களில் அந்த வாசலுக்குள்ளேயே நோயாளரும் ஊழியருமாக 60க்கு மேற்பட்டோர் இரையாயினர். அதன் பின்னரும் அவ்வாசல் மூடப்பட்டுக் கிடக்கவில்லை. ஆகவே அதன் வளர்ச்சிக்கு நாம் எதிரிகள் என்று எவரும் சொல்ல முற்பட வேண்டாம்.

அதனை ஆக்கியதும் மக்களின் உள்ளமே. 1850இல், வடமாகாண அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக்கின் முயற்சியால், ஏழைகளுக்கு உதவும் நண்பர் சங்கமொன்றின் வைத்தியசாலையாக அது தொடங்கியது. 1907இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியபின் அது போதனா வைத்தியசாலையாயிற்று. போர் முடிந்தபின் ஜப்பான் நாட்டின் உதவியோடு மாடிக் கட்டடமும் எழுந்தது. இன்று வடமாகாணம் முழுவதும் நோயோடு வந்து நிற்கும் இடம் அது.

ஆனால் அது நிற்பதோ நகரத்தின் நெஞ்சில். பக்கத்தில் பேருந்து நிலையம். சுற்றிலும் மருந்துக்கடை, தேநீர்க்கடை, தையற்கடை, பழம் விற்கும் பெண்களின் கூடைகள். ஒன்றில் அது மேல்நோக்கி வளர வேண்டும். அன்றேல் அயலவர் நிலத்தில் கால்வைக்க வேண்டும். விரிவு என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரு குரல்கள் கேட்கின்றன. “நோயாளி தரையில் கிடக்கக் கடைக்காரன் வழக்காடுவதா?” என்பது ஒரு குரல். “எங்கள் வயிற்றில் அடித்தா உங்கள் கட்டடம்?” என்பது மறு குரல். இரண்டும் நம்மவர் குரலே. காலையில் கடை திறப்பவன் மாலையில் நோயாளியாவதில்லையா?

இந்த ஐயம் வீணில் பிறந்ததன்று. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணிக்குப் ‘பொதுத் தேவை’ என்ற பெயரில் அறிவித்தல் ஒட்டப்பட்டதும், ஆயிரக்கணக்கானோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் கதவைத் தட்டியதும் நாம் அறிந்தவை. அங்கே கேட்கப்பட்டது இராணுவத்துக்கு. வைத்தியசாலை என்பது வேறு. வேறுபாடு நமக்குத் தெரியும். ஆனால் அதே சொல்லைக் கேட்கும்போது சுட்ட விரல் துடிப்பது இயல்பல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது? காணி எடுத்தற் சட்டம் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். அதன் 2ஆம் பிரிவின்படி அறிவித்தல் மூன்று மொழிகளிலும் காணியில் வைக்கப்பட வேண்டும். 4ஆம் பிரிவின் அறிவித்தல் வந்தால், எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க 14 நாட்களுக்குக் குறையாத அவகாசம் உண்டு. என்ன பொதுத் தேவைக்காகக் காணி கேட்கப்படுகிறது என்பதை 2ஆம் பிரிவு அறிவித்தலிலேயே வெளிப்படுத்த வேண்டும் என்று, மனெல் பெர்னாண்டோ வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஆயினும் 38ஆம் பிரிவில் ‘அவசரம்’ என்ற வாசகம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால், நட்டஈட்டு விசாரணை முடியுமுன்னரே காணியைக் கையேற்கலாம்.

இவற்றை விடப் பெரிய குறையொன்றைச் சொல்கிறேன். நட்டஈடு கேட்க உரிமையுள்ள ‘அக்கறையுள்ள ஆள்’ யார் என்று அச்சட்டம் வரைவிலக்கணம் தருகிறது. சொந்தக்காரன் உண்டு, பங்காளி உண்டு, ஈடு பிடித்தவன் உண்டு, குத்தகைக்காரன் உண்டு. மாதாந்த வாடகைக்காரன் மட்டும் வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கிறான்!

வீதி அகலிப்புக்காகக் கடை இழந்த தையற்காரர் ஒருவர் முன்னர் என்னிடம் வந்தார். முப்பது ஆண்டுகள் ஒரே கடையில் ஒரே இயந்திரம். காணிக்காரருக்குப் பணம் கிடைத்தது. “ஐயா, எனக்கு?” என்று கேட்டார். சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டுவதைத் தவிர நான் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. படித்த சட்டத்துக்காக நான் வெட்கப்பட்ட நாள் அது.

உறுதி இல்லாதவரும் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்று, 2001இல் அமைச்சரவை ஏற்ற மீள்குடியேற்றக் கொள்கை கூறுகிறது. அது கொள்கை, சட்டமன்று. கொள்கையைச் செயலாக்க மக்கள் குரல் வேண்டும்.

மக்களைக் கேளாமல் செய்தால் வேலை விரையும் என்று அதிகாரிகள் எண்ணலாம். ஹைதராபாத்தைப் பாருங்கள். மூசி ஆற்றங்கரையிலுள்ள பழைய உஸ்மானியா வைத்தியசாலையை இடித்துக் கட்டுவோம் என்று 2015இல் அரசு சொன்னது. பழைமையைக் காப்போர் எதிர்த்தனர். 2020இல் வெள்ளம் நோயாளர் விடுதிக்குள் புகுந்தது. 2025 ஜனவரி 31இல் கோஷாமஹால் மைதானத்தில் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினர். நெரிசலும் கழிவும் வரும், திறந்த வெளி போகும் என்று அவ்விடத்து மக்களும் வணிகரும் கிளர்ந்தனர். பத்து ஆண்டுகள் போயின. அவற்றை இழந்தவர் யார்? அமைச்சரா? வரிசையில் நின்ற நோயாளி அல்லவா?

சென்னையிலோ மத்திய சிறை 2006இல் புழலுக்குச் சென்றபின், அந்நிலத்தில் மருத்துவக் கல்லூரிக்குக் கட்டடம் எழுந்தது. அரசின் நிலம் இருக்க ஏழையின் கடையில் ஏன் கைவைக்க வேண்டும்?

ஆகவே நாம் கேட்பவை நான்கு. முதலாவது, விரிவுத் திட்டம் எதுவாயினும் அதன் முழு வரைபடமும் தமிழில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். இரண்டாவது, அரச நிலமும் மேல்மாடியும் போதாவென்று காட்டிய பின்னரே தனியார் காணி கேட்கப்பட வேண்டும். மூன்றாவது, அறிவித்தலுக்கு முன்னரே மாத வாடகைக்காரர், நடைபாதை வியாபாரிகள் ஆகியோரின் பெயர்ப் பதிவு எடுக்கப்பட்டு, மாற்றிடம் குறிக்கப்பட வேண்டும். நான்காவது, ஆண்டுக்கணக்கில் வரையும் திட்டத்துக்கு ‘அவசரம்’ என்ற பிரிவைப் பயன்படுத்தலாகாது.

நமக்கும் கடமை உண்டு. நட்டஈட்டுக்காக இரவோடிரவாகக் கொட்டில் போடுவதை நாமே தடுப்போம். நோயாளர் வண்டியின் வழியை மறிக்கும் எந்தப் போராட்டத்துக்கும் நான் தலைமை தாங்கேன்.

வாடகைக் கடை வைத்திருப்போர் இன்றிரவே பழைய பற்றுச்சீட்டுகளைத் தேடி எடுங்கள். கறையான் அரித்தது போக மிஞ்சியதையாவது ஒரு கோவையில் கட்டி வையுங்கள். பற்றுச்சீட்டு இல்லாதவர் அயலவர் இருவரின் சாட்சியத்தை எழுதி வாங்குங்கள். எழுதத் தெரியாதவர் என்னிடம் வாருங்கள், கட்டணம் இல்லை. நாளை அரசாங்கம் ஆட்களை எண்ண வரும்போது, மாத வாடகைக்காரனும் எண்ணப்பட வேண்டிய ஆள் என்று காட்டும் சான்று நம் கையில் இருக்க வேண்டும்.