எஞ்சினைத் தாங்கும் இறப்பர்

பேராதனைச் சந்தியிலே மூன்று வழிகள் கூடுகின்றன. கொழும்பிலிருந்து கடுகண்ணாவை மலையேறி வரும் சாலை ஒன்று. கண்டி நகருக்குப் போவது மற்றொன்று. கம்பளையைக் கடந்து நுவரெலியா நோக்கி ஏறுவது மூன்றாவது. எந்த வழியே சென்றாலும் ஏற்றமும் இறக்கமும் வளைவுமே. இவ்வழிகளில் நாள்தோறும் ஓடும் வாடகைக் காரின் எஞ்சின் படும் பாடு சமநிலத்துக் காருக்குத் தெரியாது.

அத்தகைய கார் ஒன்றை ஓட்டிப் பிழைப்பவர் ஒருவர். கார் யப்பானிலிருந்து வந்தது. வயது பத்துக்கு மேல். தானியங்கிக் கியர் பொருந்தியது. சில வாரங்களாக அதில் ஒரு நோய் கண்டது. கண்டி நகரிலே சிவப்பு விளக்கின் முன் பிரேக்கை மிதித்து நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். கண்ணாடியில் தெரியும் பின்வண்டியின் உருவம் கலங்கும். முன்னே ஓடத் தொடங்கினால் நடுக்கம் அடங்கிவிடும். பின்கியர் போடும்போது அடியிலிருந்து ‘டக்’ என்றொரு ஓசை எழும். இரவு நிறுத்திய இடத்திலே காலையில் கரிய ஈரத்துளிகள் சில காணப்பட்டன.

கராஜ் ஒன்றிலே, எண்ணெய் கசிகிறது, எஞ்சினைக் கழற்றித் திறக்கவேண்டும் என்றனர். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும் அவருக்கு மனைவியின் சங்கிலியும் அடகுக்கடையும் நினைவுக்கு வந்தன. புதுக் கார் வாங்குவது அவர் கனவிலும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றத்தை இலங்கையில் அறியாதார் இல்லை. உள்ள காரைக் காப்பதே அவருக்குக் குடும்பத்தைக் காப்பது.

அயலிலிருந்த முதிய மெக்கானிக் ஒருவர், எதையும் கழற்றுமுன் கைவிளக்குடன் குனிந்து பார்த்தார். எஞ்சினின் ஒரு பக்கத்திலே, அதை உடற்சட்டத்துடன் இணைக்கும் ‘மவுண்ட்’ என்னும் தாங்கியின் கீழே கரிய கோடொன்று வழிந்திருந்தது. “எண்ணெயா தண்ணீரா என்று விரலைக் கேளும், தம்பி,” என்றார் அவர். ஓட்டுநர் தொட்டுப் பார்த்தார். எஞ்சின் எண்ணெயின் வழுவழுப்பும் மணமும் அதில் இல்லை. நீர்போல் மெலிந்து, இறப்பர்த் துகள் கலந்து கறுத்திருந்தது. கியர் எண்ணெயாயின் பெரும்பாலும் சிவந்திருக்கும். ரேடியேற்றர் நீராயின் பச்சையோ செம்மையோ காட்டும், கலத்திலும் மட்டம் குறையும். இவை ஒன்றுமில்லை.

தாங்கிக்குள்ளே நீர் எப்படி வந்தது என்று கேட்கலாம். நான்கு உருளை கொண்ட எஞ்சின், நிமிடத்துக்கு 750 சுற்று வேகத்தில் சும்மா நிற்கையில், விநாடிக்கு 25 தடவை உள்ளே எரிந்து உந்துகிறது. ஒவ்வோர் உந்தலும் எஞ்சினைச் சற்றே முறுக்குகிறது. தொடக்ககால மோட்டார் வண்டிகளில் எஞ்சினைச் சட்டத்தோடு இறுக முடுக்கினர். பயணியின் பல்லும் கூடவே நடுங்கியது. 1931இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் தனது பிளிமத் காரிலே எஞ்சினை இறப்பர்த் தாங்கிகளின்மேல் மிதப்பதுபோல அமைத்தது. பிரான்சின் சித்ரோவன் நிறுவனம் அம்முறையை விரைவிலே மேற்கொண்டது. அந்த இறப்பருக்கும் பேராதனைக்கும் உறவுண்டு. 1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள், பேராதனைத் தோட்டத்தின் ஆட்சிக்குட்பட்ட ஹெனரத்கொடவிலே நடப்பட்டன. மீண்டும் மீண்டும் வளைந்தாலும் எளிதிற் களைக்காத இயற்கை இறப்பரையே தாங்கிகளுக்கு இன்றும் பெரிதும் விரும்புகின்றனர்.

ஆயினும் இறப்பருக்கும் ஓர் இக்கட்டு உண்டு. மெதுவாக இருந்தால் குழியிலும் ஏற்றத்திலும் எஞ்சின் துள்ளும். கடினமாக இருந்தால் நடுக்கம் உள்ளே வரும். இதற்கு மருந்தாகவே நீர்மத்தை அடைத்தனர். தாங்கிக்குள் இரண்டு அறைகள். அவற்றை இணைப்பது ஒடுங்கிய வளைவழி. எஞ்சின் பெரிதாய் அசையும்போது கிளைக்கோல் கலந்த நீர்மம் அவ்வழியே நெருக்கப்பட்டு ஓடி, அசைவைத் தணிக்கிறது. சிறு நடுக்கத்துக்கோ நடுவிலுள்ள மெல்லிய தகடு தானே ஆடி இடம் கொடுக்கிறது. இறப்பர் வெடித்து நீர்மம் வடிந்ததும் இந்த ஏற்பாடு முழுவதும் குலைகிறது. எஞ்சியிருப்பது மெல்லிய இறப்பர் மாத்திரமே. எஞ்சின் தாழ்ந்து உட்காருகிறது. அதன் பாரம் ஏனைய தாங்கிகளின்மேல் விழுகிறது. ஒன்று பழுதுற்றால் மற்றவற்றையும் ஆராய்வது இதனாலேதான்.

எனினும் நடுக்கம் கண்டவுடன் தாங்கியைக் குற்றஞ்சாட்டுதல் தகாது. பிளக் சரியாக எரியாவிட்டாலும் எஞ்சின் நடுங்கும். ஆனால் அந்த நடுக்கம் தாறுமாறாக இருக்கும். ஏறும்போது இழுவையும் குறையும். முதியவர் அதைப் பார்த்துவிட்டே அடுத்த சோதனைக்குப் போனார். கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஓட்டுநரைப் பிரேக்கை அழுத்தி மிதிக்கச் செய்தார். காருக்கு முன்னும் பின்னும் எவரும் நிற்கவில்லை. முன்கியரிலிருந்து பின்கியருக்கு மாற்றியபோது, பக்கத்தில் நின்று பார்த்தவரின் கண்முன் எஞ்சின் எழும்பி விழுந்தது. ஐயம் தீர்ந்தது.

உதிரிப்பாகத்துக்கு அவர் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சொல்லியனுப்பினார். பழைய வாகனத்திலிருந்து கழற்றிய தாங்கி மலிவாய்க் கிடைக்கும். ஆனால் இறப்பர் சும்மா கிடந்தாலும் முதுமையடைவது. வெடித்ததற்குள் கண்ணாடி ஒட்டும் பசையைத் திணித்து ஓட்டுவோரும் உளர். ஓடும் என்பது மெய். ஆனால் நடுக்கம் முழுவதும் இருக்கைக்கு வரும். நாள்முழுதும் இருக்கையில் இருக்கவேண்டியவருக்கு அது சிக்கனமன்று.

மாற்றும் வேலை ஒரு முற்பகலில் முடிந்தது. எஞ்சின் ஆறியபின், சமதரையிலே, மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றினர். எண்ணெய்த் தொட்டியின் அடியிலே அகலமான மரப்பலகை வைத்து, அதன்மேலே ஜாக்கைப் பொருத்தினர். பலகை இல்லாவிடின் மெல்லிய தொட்டி நசுங்கிவிடும். பாரம் ஜாக்குக்கு வரும் அளவே உயர்த்தினர். அதற்குமேல் உயர்த்தினால் நீர்க்குழாய்களும் சைலன்சரின் இணைப்பும் இழுபடும். தாங்கி மேற்புறத்திலிருந்தே எட்டும் இடத்தில் இருந்தபடியால் காரின் அடியில் எவரும் நுழையவில்லை. ஜாக்கை மட்டும் நம்பிக் காரின்கீழ் படுத்தவர்களின் கதை மலைநாட்டுக் கராஜ்களில் ஒன்றிரண்டல்ல.

போல்ட்டுகள் நீளத்தில் வேறுபட்டன. கழற்றிய ஒழுங்கிலே அட்டையொன்றிற் குத்தி வைத்தனர். பழையதையும் புதியதையும் அருகருகே நிறுத்தி உயரமும் துளைகளும் பொருந்துவதைக் கண்டனர். பழையது ஒரு பெருவிரற் பருமனளவு அமுங்கியிருந்தது. புதியதை வைத்து எல்லாப் போல்ட்டுகளையும் முதலிற் கையாலேயே திருகினர். பின் ஜாக்கை மெல்ல இறக்கி, எஞ்சின் தன் பாரத்தோடு அமர்ந்த பின்னரே முற்றாக முடுக்கினர். முன்னரே முடுக்கினால் இறப்பர் முறுகிய நிலையிற் சிறைப்பட்டு விரைவிற் கிழியும். எவ்வளவு முடுக்கவேண்டும் என்பதை முதியவர் கை உணர்ச்சிக்கு விடவில்லை. கைநூலைப் பார்த்து, அளவுகாட்டும் ஸ்பேனரையே எடுத்தார். நாற்பதாண்டு அனுபவம் உள்ளவர் அப்படிச் செய்தது ஓட்டுநருக்கு வியப்பாயிருந்தது.

எஞ்சினை இயக்கி, முன்போலவே கியரை மாற்றிப் பார்த்தனர். ஓசை எழவில்லை. பிரேக்கை மிதித்து நிற்கையில் கண்ணாடியிலே மாமரத்தின் இலைகள் தனித்தனியே தெரிந்தன. மறுநாள் ஓட்டுநர் பயணிகளுடன் கம்பளைச் சாலையில் ஏறினார். ஒரு வாரம் கழித்து வந்து போல்ட்டுகளை மறுபடி காட்டிச் செல்லும்படி முதியவர் சொல்லியிருந்தார்.

பழைய தாங்கியை அவர் முற்றத்தில் எறியவில்லை. அதில் மிஞ்சிய நீர்மம் இனிப்புச் சுவையுள்ளது, ஆயினும் நஞ்சு. நாய் நக்கினாலும் இறக்கும். தகரப் பேணி ஒன்றில் இட்டு மூடி, குழந்தைகளுக்கு எட்டாத தட்டிலே வைத்தார்.