வந்த செய்தியை அனுப்பும் முன்



ஒரு வீட்டில் யாரேனும் நோயில் படுத்துவிட்டால், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வது நம்மிடையே பழைய வழக்கம். முன்பெல்லாம் அந்த வைத்தியம் ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்குப் போய்ச் சேரவே ஒரு பொழுது ஆகும். இன்றோ, கைத்தொலைபேசியை ஒருமுறை தொட்டால் பினாங்கிலிருந்து ஜொகூர் வரை நொடியில் போய்விடுகிறது. செய்தியின் வேகம் கூடிவிட்டது. அதில் உள்ள உண்மையும் கூடியிருக்கிறதா? இதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

எங்கள் தோட்டப் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்குக் கடுங்காய்ச்சல். வட்டாரத்தில் டிங்கிக் காய்ச்சல் பரவியிருந்த நேரம் அது. பப்பாளி இலைச் சாறு கொடுத்தால் டிங்கி குணமாகிவிடும், ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று புலனத்தில் ஒரு செய்தி வந்தது. நாலு பேருக்கு நன்மையாக இருக்கட்டுமே என்று, ஆசிரியர்களாகிய நாங்களும் அதைப் பெற்றோர் குழுவுக்கு அனுப்பிவிட்டோம்.

பையனின் பாட்டி சாறு பிழிந்து கொடுத்தார். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. வீட்டார் மகிழ்ந்தனர். ஆனால் அன்று மாலையே பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தான். வாந்தி நிற்கவில்லை. கைகால்கள் சில்லிட்டன. தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்து ஓய்வு பெற்ற அண்டை வீட்டுப் பெரியவர் பார்த்தவுடனே காரில் ஏற்றி அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டு போனார். பையன் பிழைத்துக்கொண்டான். ஏன் இத்தனை தாமதம் என்று தாயாரைக் கேட்டோம். "நீங்களே அனுப்பியிருந்தீங்களே சார், அதான் நம்பிட்டோம்" என்றார். எங்களால் பதில் பேச முடியவில்லை.

நேயர்களே, அந்தச் செய்தி முழுப் பொய்யாக இருந்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அதில் ஒரு துளி உண்மை இருந்தது. பப்பாளி இலைச் சாறு இரத்தத் தட்டணுக்களைக் கூட்டுகிறதா என்று நம் நாட்டு ஆய்வாளர்களே ஆராய்ந்து, கூடியதைக் கண்டு, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆனால், டிங்கியில் உயிருக்கு ஆபத்து தட்டணு குறைவதால் மட்டும் வருவதன்று. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, உடல் அதிர்ச்சி நிலைக்குப் போவதே பெரும் ஆபத்து. இது பெரும்பாலும் 3-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் நேர்கிறது. சாறு இதைத் தடுக்கும் என்று மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே, காய்ச்சல் இறங்கிய பின் கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டிங்கி என்ற ஐயம் இருந்தால் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் மாத்திரைகளைக் கொடுக்கலாகாது. அவை இரத்தக் கசிவை மிகுதியாக்கும்.

அப்படியானால் வந்த செய்தியை எப்படிச் சோதிப்பது? நான்கு கேள்விகள் போதும். சொன்னவர் யார்? பெயரும் பொறுப்பும் உள்ளவரா, 'ஒரு பெரிய டாக்டர்' மட்டும்தானா? எப்போது சொன்னது? பழைய செய்தி புதிய வேடத்தில் வருவதுண்டு. சொல்வதால் அவருக்கு ஆதாயம் உண்டா? கடைசியில் ஒரு புட்டி மருந்தை விற்க வருகிறாரா? நான்காவது, மருத்துவரிடம் போகாதே என்று சொல்கிறதா? சொன்னால், அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சரிபார்க்க இடங்களும் உண்டு. சுகாதார அமைச்சின் 'மைஹெல்த்' அகப்பக்கத்தில் நோய்களைப் பற்றிய விளக்கங்கள் உள்ளன. பரவும் செய்திகள் மெய்யா பொய்யா என்று காட்ட, தொடர்பு பல்லூடக ஆணையம் 2017-இல் 'செபெனார்ஞா' என்னும் அகப்பக்கத்தைத் தொடங்கியது. மருந்து விற்க வந்தால், பெட்டியில் ஆங்கிலத்தில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அகப்பக்கம் பார்க்கத் தெரியாத பெரியவர்கள், பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லலாம். அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் கேட்பதிலும் வெட்கமில்லை.

தீர விசாரிப்பதே மெய் என்றார்கள் நம் பெரியோர். விசாரிக்காமல் அனுப்பிவிட்டால்? தவறு செய்யாதவர் யாருமில்லை. திருத்துவதுதான் முக்கியம். அந்த நிகழ்ச்சிக்குப் பின், முந்திய செய்தி போன அதே குழுவுக்கு, "நாங்கள் அனுப்பியது தவறு, ஆபத்து அறிகுறிகள் இவை" என்று எழுதி அனுப்பினோம். கை கூசத்தான் செய்தது. மறுநாள் இரண்டு தாய்மார்கள் காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனதாகக் கேள்விப்பட்டபோது, அந்தக் கூச்சம் ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை.

பிறர் பிள்ளைக்கு மருந்து ஊற்றும்போது நம் கை எவ்வளவு கவனமாக இருக்குமோ, ஒரு செய்தியை அனுப்பும்போதும் அவ்வளவு கவனம் வேண்டும். இதை நினைவில் வைப்போமாக.